கருமை ஓர் இலக்கணமாகுமா? – ஊசியிலை மரங்களின் கரும் பங்கசுகளும் வகைப்பாட்டு நெறிகளும்

தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் வகுத்துக் கூறுகின்றது. இவ்வகுப்பின்படி வானளாவ நிற்கும் பனையும் தெங்கும் புல்லினத்தைச் சார்ந்தனவாகின்றன. உயரத்தையோ பருமனையோ கருதாது வயிரத்தின் இருப்பிடத்தை இலக்கணமாகக் கொண்ட அவ்வாசிரியனின் நோக்கு வியத்தற்குரியது. ஏனெனில், இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்களென ஒருங்கே வைத்துப் பேசுகின்றது. கண்ணாற் காணத்தக்க பண்புகளுள் எது உறவைச் சுட்டுவது, எது வெறுந்தோற்றம் என்பதைத் தெரிந்தெடுத்தலே வகைப்பாட்டின் உயிர்நிலை. அத்தெரிவு பொருந்துமிடத்து ஈராயிரமாண்டுப் பழைய வகுப்பும் நின்றுபிடிக்கும். பொருந்தாவிடத்து நேற்றைய வகுப்பும் சரிந்துவிடும். இவ்வுண்மையைச் சோதித்துப் பார்ப்பதற்கு வட புலத்து ஊசியிலைக் காடுகளில் வாழும் கரும் பங்கசுகள் மிகப் பொருத்தமான களமாகும்.

பைன், ஸ்புறூஸ், ஃபிர் முதலிய மரங்களிற் கருமை பல வடிவங்களில் வெளிப்படுகின்றது. பூச்சிகள் சொரியும் இனிய கழிவை உண்டு கிளைகளின்மேலும் ஊசியிலைகளின்மேலும் புகைக்கரி போலப் படியும் பங்கசுகள் உள. ஊசியின் உள்ளே வாழ்ந்து, இலைவாய்களின் வழியே கரும்புள்ளிகளாய்த் தலைகாட்டுவனவும் உள. மண்ணுக்கடியில், மெல்லிய வேர்களின் கலங்களுக்குள்ளே கரிய இழைகளாய்ப் படர்ந்திருப்பன பிறிதொரு சாரார். இவையனைத்திற்கும் பொதுவானது இழைச்சுவரிற் செறிந்துள்ள மெலனின் என்னும் நிறப்பொருள். அது ஊதாக்கடந்த கதிரிலிருந்தும் வறட்சியிலிருந்தும் இழையைக் காக்கின்றது. ஆகவே கருமை என்பது குலப்பெயரன்று, தொழிற்பெயர் எனலாம். வெயிலில் உழைப்பவர் யாவரும் உறவினராகிவிடுவதில்லை.

இவ்வெளிய உண்மை உணரப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. இத்தாலி நாட்டுப் பதுவாவில் வாழ்ந்த சக்கார்டோ என்பார் 1882 ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வந்த பெருந்தொகுதியில் அக்காலத்தில் அறியப்பட்ட பங்கசுகள் அனைத்தையும் ஒழுங்குபடுத்த முயன்றார். பாலிலி வித்திகளை மட்டுமே தோற்றுவிக்கும் இழைப்பங்கசுகளுள் வெளிறியவை ஒரு குடும்பம், கரியவை பிறிதொரு குடும்பம் என அவர் பிரித்தார். அடுத்து, வித்தி ஒரு கலமுடையதா, இரு கலமுடையதா, குறுக்குச்சுவருடையதா, வலைபோற் பகுக்கப்பட்டதா, சுருண்டதா, விண்மீன் வடிவினதா என வினவி அறைகள் வகுத்தார். வித்தியே இல்லாதவை மலட்டிழைகள் என்னும் பெயரில் ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டன. இதனை இகழ்தல் எளிது. ஆனால் அது நீதியாகாது. சக்கார்டோவின் நோக்கம் குலவரலாறு எழுதுவதன்று. நுணுக்குக்காட்டியின் முன்னே அமர்ந்திருப்பவன் தன் கையிலுள்ள பொருளின் பெயரை விரைந்து கண்டடைய வேண்டும் என்பதே. அகராதியை அகரவரிசையில் அமைத்தவனிடம் சொற்பிறப்பைக் கேட்டல் பொருந்தாது. குற்றம் யாதெனின், பின்வந்தோர் அவ்வகராதி வரிசையையே சொற்களின் உறவுமுறையென மயங்கியமையே.

அம்மயக்கத்தை உடைத்தவர்களுள் முதன்மையானவர் ஹியூஸ். வேல்ஸில் பிறந்து, கனடாவின் ஒட்டாவாவிற் பணியாற்றிய இவர் 1953 இல் வெளியிட்ட நெடுங்கட்டுரை பங்கசியலில் ஒரு திருப்புமுனை எனக் கொள்ளப்படுகின்றது. வித்தியின் நிறமும் வடிவும் அன்று, அது தாயிழையிலிருந்து பிறக்கும் முறையே அடிப்படை என அவர் வாதிட்டு, பிறப்புமுறைகளை எட்டுப் பிரிவுகளாக வகுத்தார். ஊதிப்பெருத்து அரும்புவன, சங்கிலியாய்த் துணிவன, குப்பி போன்ற கலத்தின் வாயிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாய் வெளிப்படுவன என அவை அமைந்தன. கருமையும் வெளிர்மையும் அங்கே வேலிகளாக நிற்கவில்லை. இலக்கிய மாணவர் இதனைத் தம் துறையிற் கண்ட ஒரு மாற்றத்தோடு ஒப்பிட்டுணரலாம்: பாடலை அடியளவு கொண்டு வகுக்கும் நிலையிலிருந்து, அது தோன்றிய சூழலையும் முறையையும் கொண்டு வகுக்கும் நிலைக்கு ஆய்வு நகர்ந்தமை போன்றதே இது.

ஹியூஸின் 1976 ஆம் ஆண்டுக் கட்டுரை கரிப்பூசணங்களைப் பற்றியது. 1953 ஆம் ஆண்டுக் கட்டுரை பெற்ற புகழை அது பெறவில்லை. எனினும் பொறுமைக்கு அதுவே சிறந்த சான்று. ஒரு கிளையிற் படிந்த கருந்திரை ஒரே பங்கசு அன்று. பல இனங்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த கலவை. போதாக்குறைக்கு ஓரினமே ஒன்றுக்கு மேற்பட்ட வித்தி வடிவங்களைத் தோற்றுவிக்கும். எந்த வித்தி எந்த இழையிலிருந்து பிறந்தது என்பதை இழையிழையாய்ப் பின்தொடர்ந்து கண்டாலன்றி, ஒருவனின் பிள்ளையை மற்றொருவன் வீட்டிற் சேர்த்துவிடும் பிழை நேரும். அவ்வாறு நேர்ந்தும் உள்ளது. பங்கசுகளின் பாலுடைய நிலைக்கு ஒரு பெயரும் பாலிலி நிலைக்கு வேறொரு பெயரும் வழங்கலாம் எனப் பெயரீட்டு விதிகளே நெடுங்காலம் இடங்கொடுத்திருந்தன. 2011 இல் மெல்பேர்ணில் நடைபெற்ற தாவரவியல் மாநாட்டிலேயே அவ்வழக்கம் கைவிடப்பட்டது.

இனி, ஒரு தனி வரலாற்றை விரிவாக நோக்கலாம். டக்ளஸ் ஃபிர் மரத்தின் தாயகம் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டுப் பெருந்தோப்புகளாக வளர்க்கப்பட்டது. 1925 இல் சுவிற்சர்லாந்தில் அம்மரங்களின் ஊசியிலைகள் மஞ்சள் நிறமடைந்து காலத்துக்கு முன்னரே உதிர்வது கவனிக்கப்பட்டது. ஊசியின் அடிப்புறத்தில், இலைவாய்கள் அமைந்த இரு பட்டைகளின் வழியே, கரும்புள்ளிகள் நிரைநிரையாய்க் காணப்பட்டன. கொய்மன் 1930 இல் நோயை ஆராய்ந்து எழுதினார். 1937 இல் ரோட என்பார் அப்பங்கசுக்கு அடெலோப்பஸ் என்னும் சாதியுள் இடமளித்து, கொய்மனின் பெயரால் இனப்பெயர் சூட்டினார். மறு ஆண்டே பெற்றாக் அதனைப் பீயோகிறிப்தோப்பஸ் சாதிக்கு மாற்றினார். அப்பெயரின் முன்னொட்டு மங்கிய கருமையைச் சுட்டும் கிரேக்கச் சொல் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நோய் முதலிற் காணப்பட்ட நாட்டின் பெயரே நோய்க்கும் ஒட்டிக்கொண்டது. உண்மையிலோ அப்பங்கசு மரத்தின் தாயகத்திலேயே தொன்றுதொட்டு அதனுடன் வாழ்ந்து வந்தது. அங்கு அது பெருந்தீங்கு விளைக்காமையால் எவர் கண்ணிலும் படவில்லை. ஊரைவிட்டு வெளியேறி, அயலூரில் வம்பு செய்த பின்னரே அதன் பெயர் பதிவேட்டில் ஏறிற்று.

இந்த 'கண்டுபிடிப்பு' என்னும் சொல்லைச் சற்றே ஐயத்துடன் நோக்க வேண்டியுள்ளது. புதிதாகக் கண்டறியப்பட்டது என்பது உலகிற் புதிதாய்த் தோன்றியது என்பதன்று. எவருடைய வருவாய்க்கோ இடையூறானது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பங்கசுப் பெயர்கள் பலவற்றின் பின்னே ஒரு தோட்டமோ ஒரு மரச்சந்தையோ நிற்கின்றது. இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கையை அழித்த துரு நோய்ப் பங்கசுக்கு 1869 இல் இங்கிலாந்தில் இருந்த பேர்க்லியும் புறூமும் பெயரிட்டமைக்கு, பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து துவைற்ஸ் அனுப்பிய இலைகளே காரணமாயின. தோட்டங்களுக்குக் கேடு வராதிருந்தால் அவ்விலைகள் கடல் கடந்திருக்குமா என்பது ஐயமே.

டக்ளஸ் ஃபிர் பங்கசுக்கு மீள்வோம். நோயின் இயக்கம் எளியது, கொடியது. பங்கசின் கனியுடல் இலைவாயை அடைத்துக்கொண்டு வளர்கின்றது. காபனீரொட்சைட்டு உட்செல்ல வழியின்றி ஊசி ஒளித்தொகுப்பை இழக்கின்றது. உணவு ஈட்டாத ஊசியை மரம் உதிர்த்துவிடுகின்றது. 1990 களில் ஒறெகன் மாநிலக் கரையோரத் தோப்புகளில் இந்நோய் தாயகத்திலேயே தலைவிரித்தாடத் தொடங்கிற்று. அதுவரை அறிஞர் சிலரின் அக்கறைக்கு மட்டுமே உரியதாயிருந்த வகைப்பாட்டு வினா அதன்பின் காட்டதிகாரிகளின் வினாவாயிற்று.

பீயோகிறிப்தோப்பஸ் சாதி ஆப்பிளின் சொறிநோய்ப் பங்கசு அடங்கிய வெஞ்சூரியாக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2007 இல் வின்ற்றன் முதலானோர் டீ.என்.ஏ. தொடர்களை ஒப்பிட்டு நோக்கியபோது, இப்பங்கசு அக்குடும்பத்துக்கு அயலானது என்பதும், மைக்கோஸ்பெரெல்லா எனும் பெருங்கூட்டத்துக்கு அண்மையது என்பதும் வெளிப்பட்டன. அச்சாதிக்கு மூலமாய் அமைந்த இனத்தோடும் இதற்கு நெருங்கிய உறவில்லை என்பதும் தெளிவாயிற்று. அதாவது, எழுபதாண்டுகள் ஒரு பெயரின்கீழ் வாழ்ந்த இரு பங்கசுகள் ஒன்றுக்கொன்று உறவினரல்ல. ஒரே மரக்குடும்பத்தின் இலைகளில், ஒரே தொழிலைச் செய்து, ஒரே கருமையை அணிந்திருந்தமையே அவற்றை உடன்பிறந்தாராய்க் காட்டிற்று. பத்தாண்டு கழித்து, 2017 இல், விடெய்ரா முதலானோர் மைக்கோஸ்பெரெல்லாக் குடும்பத்தையே மறுசீரமைத்தபோது இதற்கென நொதோபீயோகிறிப்தோப்பஸ் என்னும் புதுச் சாதி படைக்கப்பட்டது. அவ்வாய்வின் தலைப்பிலேயே குழப்பமா தெளிவா என்னும் வினா அமைந்திருப்பது ஆசிரியர்களின் நேர்மையைக் காட்டுகின்றது.

புதுப்பெயரின் பொருள் 'பொய்யான பீயோகிறிப்தோப்பஸ்' என்பதாகும். சொற்கலை பயில்வோர்க்கு இதில் ஒரு முரண் புலனாகும். பங்கசு எவரையும் ஏமாற்ற முயலவில்லை, பொய் அதனுடையதன்று, பெயரிட்டோரின் மயக்கமே. எனினும் மயங்கியோர் தம் பிழையைப் பங்கசின் நெற்றியில் எழுதிவிட்டனர். ஆயினும் இப்பெயரை முற்றாகக் குறைகூறவும் இயலாது. பழைய பெயரைத் தன்னகத்தே சுமந்திருப்பதால், எழுபதாண்டு நூல்களிற் பயின்ற ஒருவன் புதுப்பெயரைக் கண்டு வழிதவற மாட்டான்.

வேர்களின் வரலாறு இதனினும் ஆழமானது. 1920 களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு மெலின், பைன், ஸ்புறூஸ் மரங்களின் வேர்களிலிருந்து ஒரு கரும் பங்கசைப் பிரித்தெடுத்தார். அது வித்திகளைத் தோற்றுவிக்கவில்லை. வித்தியே இலக்கணமாயிருந்த காலத்தில் வித்தியற்றதை எங்கு வைப்பது? மெலின் அதற்கு 'கரும்பச்சை வேரிழை' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரை வழங்கினார். அது முறையான இனப்பெயரன்று. அடையாளக் குறி மட்டுமே. அரை நூற்றாண்டுக்கும் மேலாக வடபுலத்துக் காடுகளிற் பரந்து காணப்படும் ஓர் உயிர் இவ்வாறு முகவரியின்றி இருந்தது.

1985 இல் வாங், வில்கொக்ஸ் என்னும் இருவர் இத்தகைய வளர்ப்புகள் சிலவற்றை நீண்டகாலம் குளிரில் வைத்திருந்து, வித்திகள் தோன்றக் கண்டனர். பியாலோசெபலா போர்ட்டினி என்னும் பெயர் அதனாற் பிறந்தது. மலடு எனப்பட்டது மலடன்று. காத்திருக்கும் பொறுமை ஆய்வுகூடத்துக்கு இல்லாதிருந்தது என்பதே உண்மை. வேனிலறையில் வைத்து ஆராய்ந்துவிட்டு, பனிநாட்டு உயிருக்குப் பிள்ளைப்பேறில்லை எனத் தீர்ப்பளித்தவர்களின் கதை எல்லாத் துறை ஆய்வாளரும் ஒருமுறை எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆனால் சிக்கல் இத்தோடு தீரவில்லை. பியாலோசெபலா என்னும் சாதி 1961 இல் கென்றிக்கினால் நிறுவப்பட்டது. கரிய தண்டின் உச்சியிற் குப்பி வடிவக் கலங்கள் தலைபோற் குவிந்திருத்தலே அதன் இலக்கணம். ஹியூஸ் காட்டிய நெறியின் நற்பயன் அது. 2003 இல் டீ.என்.ஏ. ஒப்பீடு செய்யப்பட்டபோதோ அச்சாதியின் இனங்கள் தொலைவான பல கிளைகளிற் சிதறிக் கிடந்தமை தெரியவந்தது. குப்பியிலிருந்து வித்தியை வெளித்தள்ளும் உத்தியும் கருமையைப் போலவே பன்முறை தனித்தனியே தோன்றியுள்ளது. நிறத்தை வீழ்த்திய ஹியூஸின் இலக்கணமும் அதே வழக்கில், அதே குற்றச்சாட்டின்பேரில், தோல்வி கண்டது. 1985 ஆம் ஆண்டுக் கட்டுரையில் போர்ட்டினியுடன் ஒருங்கே அறிவிக்கப்பட்டு, பியாலோபோரா என்னும் சாதியில் வைக்கப்பட்ட பின்லாந்தியா என்னும் இனம் பின்னர் இருமுறை சாதி மாறிவிட்டது.

2005 இல் சூரிச்சைச் சேர்ந்த குறூனிக், சீபர் ஆகியோர் வித்தி சிறிதும் தோன்றாத ஓர் இனத்துக்கு அசெபலா எனப் பெயரிட்டனர். தலையற்றது என்பது அதன் பொருள். 'குப்பித்தலை' எனும் பியாலோசெபலாவுக்கு எதிர்மொழி. வித்தியின்றியே முறையான பெயர் பெற்றமை சக்கார்டோவின் மலட்டு மூலைக்குக் கிடைத்த விடுதலை எனலாம். 2008 இலோ போர்ட்டினி என ஒன்றாய்க் கருதப்பட்ட கூட்டத்திலிருந்து ஆறு புதிய இனங்கள் அறிவிக்கப்பட்டன. சூரிச்சின் பழம்பெயர், சுவிற்சர்லாந்தின் பழம்பெயர், ஐரோப்பா என இடப்பெயர்கள் சிலவற்றுக்குச் சூட்டப்பட்டன. இதற்குக் காரணமுண்டு. அவற்றை வேறுபடுத்தும் உருவப் பண்பு எதனையும் பெயராக்க இயலவில்லை. கண்ணுக்கு அவை ஒன்றே. ஒரே காட்டில், அடுத்தடுத்த வேர்களில் வாழ்ந்தும் தம்முள் மரபுக் கலப்பின்றி இருப்பதனைப் பரம்பரையலகுக் குறிகள் காட்டின. அப்பிரிவினையே இனத்தகுதிக்குச் சான்றாயிற்று.

இங்கேதான் திறனாய்வாளன் நின்று நிதானிக்க வேண்டியுள்ளது. குலமுறைப்படி இப்பிரிப்பு சரியானது என்பதில் ஐயமில்லை. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர் அறிவர்: இரு சுவடிகள் ஒரே எழுத்தமைதியிலும் ஒரே ஓலையளவிலும் இருத்தல் உறவைக் காட்டாது, இரண்டும் ஒரே பிழையைப் பகிர்ந்திருத்தலே அவை ஒரு மூலத்தின் வழிவந்தன என்பதைக் காட்டும். டீ.என்.ஏ. ஒப்பீடும் பகிரப்பட்ட மாற்றங்களைக் கொண்டே கிளைவழி அமைக்கின்றது. சி.வை. தாமோதரம்பிள்ளையின் மேசைமீது பரந்துகிடந்த ஏடுகளுக்கு இம்முறை அந்நியமன்று. எனினும் கிளைவழி ஒன்றே பெயரின் பயனனைத்தையும் தந்துவிடும் என்பது மிகை. 2011 இல் ரெலென்பாக் முதலானோர் இக்கூட்டத்துப் பங்கசுகளை ஸ்புறூஸ் நாற்றுகளில் ஏற்றிச் சோதித்தனர். நாற்று பிழைப்பதும் வாடுவதும் இனத்தைவிடத் தனித்தனி வளர்ப்பையே பெரிதும் சார்ந்திருந்தன. நாற்றுமேடைக் காவலன் இனப்பெயரைக் கேட்டறிந்தும் தன் நாற்றுக்கு நேரப்போவது யாதென முன்னறிந்துகொள்ள முடியாது. பெயர் குலத்தைச் சொல்லிற்று, குணத்தைச் சொல்லவில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது சமூகவாழ்விலும் பழகிப்போன பிழை என்பதைத் தமிழ் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒருபடி சென்றோரும் உளர். மண்ணிலும் வேரிலுமிருந்து டீ.என்.ஏ.யை நேரே வடித்தெடுக்கும்போது, எவரும் கண்டறியாத, வளர்த்தறியாத பங்கசுகளின் தொடர்கள் திரள்திரளாய் வெளிவருகின்றன. அத்தொடரையே மூலமாதிரியாகக் கொண்டு இனப்பெயர் வழங்கலாம் என ஒரு முன்மொழிவு எழுந்தது. 2018 இல் புவேர்ட்டோ றிக்கோவின் சான் யுவானில் கூடிய பங்கசியல் மாநாடு அதனை ஏற்கவில்லை. அம்மறுப்பைப் பழமைவாதம் எனத் தள்ளுவாரும் உளர். அவர்தம் வாதத்துக்கு வலுவில்லாமல் இல்லை. வளர்க்க இயலாதன என்றென்றும் பெயரற்றே கிடக்க வேண்டுமா என்னும் வினா, மெலினின் வேரிழை அறுபதாண்டு பட்ட பாட்டை நினைவூட்டுகின்றது. ஆயினும் மாநாட்டின் முடிவே தக்கது எனத் தோன்றுகின்றது. காட்சிசாலையிற் காக்கப்படும் மூலமாதிரி, பதிப்பாசிரியனுக்கு மூலச்சுவடி போன்றது. பதிப்புப் பிழைத்தாற் சுவடிக்கு மீளலாம். சுவடியை எரித்துவிட்டு அதன் படியிலிருந்து சில வரிகளை மட்டும் வைத்துக்கொண்டவனுக்கு மீளுமிடம் இல்லை. பெற்றாக் 1938 இற் செய்த பிழையை 2007 இல் திருத்த முடிந்ததற்குக் காரணம் பங்கசின் உடல் கைக்கெட்டியமையே. அவர் கேட்டறியாத வினாக்களையும் அவ்வுடலிடம் பின்வந்தோர் கேட்க முடிந்தது. கலவையாய்ப் படர்ந்த கரித்திரையிலிருந்து எடுத்த தொடர் எந்த இழைக்குரியது என்னும் ஹியூஸின் பழைய ஐயமும் தொடர்களுக்கு அப்படியே பொருந்தும்.

ஒறெகன் கரையோரத்துப் பங்கசினுள்ளேயும் இரு மரபுவழிகள் உள்ளமை இப்போது அறியப்பட்டுள்ளது. ஒன்று உலகெங்கும் டக்ளஸ் ஃபிர் சென்றவிடமெல்லாம் சென்றது. மற்றது அக்கரையோர வலயத்திலேயே தங்கியது. அவை இரு இனங்களா, ஓரினத்தின் இரு கிளைகளா என்பது தீர்க்கப்படுமுன், அவற்றின் ஊசிகளை எடுத்துக் காயவைத்து உறையிலிட்டு, இடமும் நாளும் மரமும் குறித்துக் காட்சிசாலையிற் சேர்த்தல் வேண்டும். பெயர் அதற்குப் பின்னர் வரலாம்.